கெண்டைக்காலும் இன்ச் டேப்பும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

புதிதாக ஓடத் தொடங்குகிறவர்கள் எதையெல்லாம் வாங்க வேண்டியதில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காலணியைப் பற்றியவை அல்ல, கெண்டைக்காலைப் பற்றியவை. அவற்றுள் சிலவற்றைச் சுருக்கி இங்கே தருகிறேன்.

கேள்வி: இரண்டு மாதமாக மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் வாரத்துக்கு நான்கு நாள் மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓடுகிறேன். தொடங்கும்போது 36 சென்டிமீட்டராக இருந்த கெண்டைக்கால் இப்போது 37 ஆகிவிட்டது. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடி இந்தக் காலு?" என்கிறார் அம்மா. பயந்துபோய், சதையைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்திருந்த, காலில் மாட்டும் இறுக்கு உறையை 1,899 ரூபாய்க்கு இணையத்தில் வாங்கிவிட்டேன். ஓட்டத்தை நிறுத்திவிடலாமா?
– வாசகி, கே.கே.நகர்

பதில்: ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது அந்த உறை போன்ற பொருள்களுக்குப் பணம் கட்டுவதைத்தான். கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு தசைகள் உண்டு. தோலுக்கடியில் இரு பிரிவாகத் திரண்டு கண்ணுக்குத் தெரிவது காஸ்ட்ராக்நீமியஸ். அதற்கடியில் தட்டையாகப் படிந்திருப்பது சோலியஸ். மெதுவோட்டத்தில் பெரும்பங்கு உழைப்பது இந்தச் சோலியஸ்தான். நெடுநேரம் சளைக்காமல் உழைப்பதற்கென்றே அமைந்த நார்கள் அதில் மிகுதி, அவை எளிதில் பருப்பவையும் அல்ல. ஒரு தசை நன்றாகப் பருக்க வேண்டுமானால் அது களைத்துப்போகும் அளவுக்குச் சுமை, கூடுதல் சாப்பாட்டோடு, மாதக்கணக்கில் அதன்மேல் ஏற வேண்டும். மூன்று கிலோமீட்டர் மெதுவோட்டத்தில் ஒவ்வொரு காலும் ஆயிரம் முறைக்கு மேல் தரையை உதைக்கிறது. அந்த வேலை தசைக்குள் ரத்த ஓட்டத்தையும் தாக்குப்பிடிக்கும் திறனையும் வளர்க்கிறதே தவிர, சுற்றளவைப் பெரிதாக மாற்றுவதில்லை. தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் பழனிக்குப் பாதயாத்திரை போய் வரும் நம் ஊர்ப் பெரியவர்களின் கால்களைப் பார்த்தால் உங்கள் அம்மாவுக்கும் இது விளங்கும்.

அப்படியானால் அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பழக்கமில்லாத கால் ஓடத் தொடங்கும் வாரங்களில் தசையில் நுண்ணிய காயங்கள் ஏற்பட்டு, வலியோடு சிறிது நீரும் கோத்துக்கொள்ளும். ஓடி முடித்த உடனே அளந்தால் ரத்தம் பாய்ந்து தசை பொம்மியிருக்கும். மாலையில் அளந்தால், பகல் முழுவதும் நின்ற காலின் வீக்கமும் அளவில் சேரும். இதுவரை எந்த உடற்பயிற்சியும் செய்யாதவர்களுக்கு உண்மையிலேயே சிறிதளவு தசை கூடுவதும் உண்டு, ஆனால் கால் பழகியதும் அது நின்றுவிடும். தோலுக்கடியில் கொழுப்பு அதிகமாக இருந்தவர்களுக்கு உடல் எடை குறையும்போது கெண்டைக்காலும் சற்றே சிறுக்கலாம். எந்த இடத்துக் கொழுப்பு முதலில் போக வேண்டும் என்று நாம் உத்தரவு போட முடியாது. எந்த உறையாலும் முடியாது. இறுக்கினால் கொழுப்பு கரையுமானால், ஐம்பது ஆண்டுகளாகப் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டிய நம் பாட்டிமாருக்கெல்லாம் இடுப்பே இருந்திருக்காது.

திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். முடிந்திருந்தாலும் "கரைக்கும்" என்ற அந்த விளம்பரத்தைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யுங்கள். ஏமாந்ததற்காக வெட்கப்படாதீர்கள், வெட்கப்பட வேண்டியவர் விற்றவர்.

கேள்வி: ஓடினால் ஆடுசதை பெருக்குமா, சிறுக்குமா? ஒரே வரியில் சொல்லவும்.
– வாசகர், தெப்பக்குளம்

பதில்: உங்கள் அப்பாவின் காலைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் விடை.

கேள்வி: காவலர் தேர்வுக்காகத் தயாராகி வருகிறேன். கால் குச்சியாக இருப்பதால் ஓட்டத்தில் தோற்றுவிடுவேன் என்று ஜிம்மில் சொல்லி, "ஒரு மாதத்தில் கால் தடிக்கும்" என்று 2,400 ரூபாய்க்கு ஒரு டப்பா மாவு கொடுத்தார்கள். பில் தரவில்லை. அப்பா களையெடுக்கப் போய்ச் சேர்த்த பணம். மாவு பாதி தீர்ந்துவிட்டது, கால் அப்படியே இருக்கிறது.
– வாசகர், உசிலம்பட்டி அருகே

பதில்: தம்பி, அந்தத் தேர்வில் உயரம் பார்ப்பார்கள், மார்பளவு பார்ப்பார்கள், ஆண்களை 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடச் சொல்வார்கள். கெண்டைக்காலுக்கு யாரும் டேப் பிடிப்பதில்லை. உலகத்தின் மிகச் சிறந்த நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களான கென்யர்களுக்கும் எத்தியோப்பியர்களுக்கும் முழங்காலுக்குக் கீழே மெலிந்த கால்கள்தாம். காலின் கீழ்ப்பகுதியில் எடை குறைவாக இருந்தால், ஒவ்வொரு எட்டிலும் அதை வீசி எறியச் செலவாகும் சக்தியும் குறைவு. குச்சிக்கால் என்று உங்களைப் பயமுறுத்தியவர் உங்களிடம் இருந்த ஒரு வசதியைக் குறையாகக் காட்டி விற்றிருக்கிறார்.

அந்த மாவில் என்னதான் நல்ல புரதம் இருந்தாலும், அது காலைத் தேடிப் போய் உட்காராது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது, வேர்க்கடலையும் பாசிப்பயறும் உங்கள் வீட்டிலேயே இருக்கும். டப்பாவின் மேல் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தயாரித்தவரின் முகவரியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் மீதி மாவைத் தொடாமல், டப்பாவைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், புகாருக்கு அதுவே சாட்சி. பில் கேட்டும் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலானவர்கள் அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே பணத்தைப் பற்றிப் பேச வருவார்கள். தேர்வு முடிந்த பிறகும் கால் பருக்க வேண்டும் என்று ஆசை இருந்தால், படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, தோளில் சுமையோடு குதிகாலை நன்றாகக் கீழே இறக்கி மேலே தூக்குங்கள். அதற்கு வேண்டியது ஒரு படியும் அரை மூட்டை நெல்லும்.

கேள்வி: 8,999 ரூபாய் மதிப்புள்ள ஓட்டக் காலணி 799 ரூபாய்க்குக் கிடைப்பதாக ரீல்ஸில் பார்த்து யுபிஐ மூலம் பணம் அனுப்பினேன். பதினொன்றாம் நாள் சோல் வாயைப் பிளந்தது. கெண்டைக்காலும் வலிக்கிறது. விற்றவரின் பெயரோ முகவரியோ தெரியவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: பெயரும் முகவரியும் தெரியாத ஒருவருக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். மாட்டுத்தாவணியில் தக்காளி வாங்கும்போது அடுக்கைக் கிளறிப் பார்க்கிற மனிதர், 799 ரூபாயைக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியிருக்கிறீர்கள். 1915-ல் பதிவு செய்யுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கே போலி என்று தெரிந்தால் சைபர் மோசடிக்கான 1930-க்குப் பேசுங்கள். பணம் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். வலி போகும்வரை அந்தக் காலணியோடு ஓட வேண்டாம்.

கேள்வி: குதிகால் உயரமே இல்லாத மெல்லிய சோல் காலணிதான் இயற்கையானது என்று கடைக்காரர் சொன்னதால் வாங்கினேன். ஒரே வாரத்தில் ஆடுசதை கல்லாகிவிட்டது, தொட்டாலே பருத்தது போல இருக்கிறது. காலணியில் குறையா, என்னிடம் குறையா?
– வாசகர், மேலூர்

பதில்: காலணியிலும் குறையில்லை, உங்களிடமும் குறையில்லை. சொல்லாமல் விட்டவரிடம்தான் குறை. வழக்கமான ஓட்டக் காலணியில் குதிகால் பகுதி முன்பாதத்தைவிட 8 முதல் 12 மில்லிமீட்டர் உயரமாக இருக்கும். அந்த உயரத்தை எடுத்துவிட்டால், ஒவ்வொரு எட்டிலும் கெண்டைத் தசையும் குதிகாலுக்கு மேலே உள்ள நாணும் கூடுதலாக இழுபடும். பல மாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் கால் ஏற்றுக்கொள்ளும், ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்ளாது.

நானே இதில் விழுந்து எழுந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் 4,600 ரூபாய்க்கு அப்படி ஒரு ஜோடி வாங்கி, வாங்கிய மறுநாளே விடியற்காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தை மூன்று சுற்றுச் சுற்றினேன். அதற்கடுத்த நாள் மாடிப்படியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்க முடிந்தது. கீழே காத்திருந்த பால்காரர், "சார் ஏதும் வேண்டுதலா?" என்று கேட்டார். அந்தக் காலணியை இப்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது போட்டுக்கொள்கிறேன். நீங்கள் பழைய காலணிக்கே திரும்புங்கள். புதியதை வாரத்துக்கு இரண்டு நாள், பத்து நிமிடம், அதுவும் நடப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கம் தளர்ந்ததும் அந்தப் பருமனும் போய்விடும்.

கேள்வி: ஒரு கால் மட்டும் கெண்டைப் பகுதியில் வீங்கிச் சூடாக இருக்கிறது. சென்னையிலிருந்து பேருந்தில் வந்த மறுநாள் ஓடியதால் இருக்கலாம். நல்ல இறுக்கு உறை ஒன்று சொல்லவும்.
– வாசகி, ஒத்தக்கடை

பதில்: எதையும் வாங்காதீர்கள், தேய்த்துவிடவும் செய்யாதீர்கள். இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். நெடுநேரம் உட்கார்ந்து வந்த பிறகு ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி, சூடு வந்தால் அது ஆழத்து ரத்தக் குழாயில் ஏற்பட்ட உறைகட்டியாக இருக்கக்கூடும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். உங்களுக்கு உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். மற்றவர்களும் அறிய வேண்டும் என்பதால் இங்கே அச்சிடுகிறேன்.

கேள்வி: ஒரு 'ஸ்லிம்மிங் சென்டரில்' பத்து அமர்வுக்கு 14,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். "ஓட்டம்தான் உங்கள் காலைக் கெடுத்தது, உடனே நிறுத்துங்கள்" என்றார்கள். முதல் அமர்வு முடிந்ததும் என் கண்முன்னாலேயே டேப் வைத்து இரண்டு சென்டிமீட்டர் குறைந்ததைக் காட்டினார்கள். மறுநாள் வீட்டில் அளந்தால் பழைய அளவே இருக்கிறது. எந்த டேப்பை நம்புவது?
– வாசகி, அண்ணாநகர்

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் நான் பல காலமாகக் காத்திருந்தேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும், இது கொஞ்சம் நீளும்.

பத்தும் இருபதும் கொடுத்து வாங்கும் துணி டேப்பைப் போல இந்த நாட்டில் கேள்வி கேட்கப்படாமல் பொய் சொல்லும் சாட்சி வேறில்லை. விளக்குத்தூண் பக்கம் இருபது ரூபாய்க்கு நான் வாங்கிய டேப்பை ஒரு நாள் இரும்பு ஸ்கேலின் மேல் விரித்துப் பார்த்தேன். அதன் ஒரு மீட்டர், இரும்பின் ஒரு மீட்டரைவிட இரண்டு விரல் நீளமாக இருந்தது. இழுத்து இழுத்து நீண்டுபோன டேப்பில் எல்லாருமே ஒல்லிதான். புதுமண்டபத்தில் பல காலம் உட்கார்ந்து தைத்த தையற்காரர்கள், டேப்புக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரலை நுழைத்துக்கொண்டுதான் அளவு சொல்வார்கள். ஒரு விரலில் எவ்வளவு மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும். சென்டரில் அதே விரலை 'முன்' அளவுக்கு நுழைத்து, 'பின்' அளவுக்கு எடுத்துவிடுகிறார்கள். அது ஒரு வித்தை. முதலில் மிகப் பருத்த இடத்தில் அளந்துவிட்டு, அடுத்த முறை மூன்று விரற்கடை கீழே இறக்கி அளப்பது இரண்டாவது. கெண்டைக்கால் கீழ்நோக்கிக் கூம்பிக்கொண்டே போவதால் அங்கே அளவு தானாகக் குறையும். நிற்கவைத்து ஒரு தடவை, படுக்கவைத்து ஒரு தடவை அளப்பது மூன்றாவது. பட்டையை இறுக்கிச் சுற்றி அரைமணி நேரம் வைத்திருந்து, நீரை மேலே தள்ளிவிட்டு உடனே அளப்பது நான்காவது. காலுறையைக் கழற்றியதும் கணுக்காலில் தெரியும் பள்ளம் எவ்வளவு நேரம் இருக்குமோ, இந்த 'குறைவும்' ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் இருக்கும்.

வீட்டில் அளந்த அளவை நம்புங்கள், ஆனால் ஒழுங்காக அளங்கள். காலையில் எழுந்தவுடன், ஓடுவதற்கு முன், இரு காலிலும் எடை சமமாக இருக்கும்படி நின்று, முழங்கால் மடிப்பிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் கீழே என்று பேனாவால் ஒரு புள்ளி வைத்து, தோலைத் தொடுகிற அளவுக்கு மட்டும் டேப்பை வைத்து மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு முறை போதும். தினமும் அளக்கிறவர்களின் கடிதங்களை நான் படிப்பதில்லை.

பணத்துக்கு வருவோம். ஓட்டத்தை நிறுத்தச் சொன்னது மருத்துவ ஆலோசனை அல்ல, வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் உத்தி. மீதி ஒன்பது அமர்வுகளை ரத்து செய்து பணம் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அவர்கள் மசியாவிட்டால், மதுரையில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். சென்டரின் விளம்பரத் துண்டுப்பிரசுரம் கையில் இருந்தால், அதைத் தயவுசெய்து பஜ்ஜி மடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் ஓடத் தொடங்கிய பிறகு உங்கள் கெண்டைக்கால் எவ்வளவு மாறியது?
– வாசகர், நாகமலை புதுக்கோட்டை

பதில்: ஓராண்டுக்கு முன் 35.5 சென்டிமீட்டர். போன ஞாயிற்றுக்கிழமை காலை 35.5 சென்டிமீட்டர். இடுப்பு மட்டும் நான்கு சென்டிமீட்டர் குறைந்ததால் மூன்று பேன்ட்டுகளைப் பிடித்துத் தைக்க 240 ரூபாய் ஆயிற்று. அதற்கும் பில் வாங்க மறந்துவிட்டேன்.