வாஷிங் மெஷினுக்கு ஒரு வரி, பெண்ணுக்கு ஒன்றும் இல்லை

கேள்வி: அம்மா, எனக்கு 34 வயது. ஈரோட்டில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். கல்யாணமாகி 9 வருஷம் ஆகிறது. கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். குடி, அடி எதுவும் கிடையாது. சேர்ந்து இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். 20 மாதமாக நான் என் அம்மா வீட்டில் இருக்கிறேன். சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிடலாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டோம். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி, பெரியவர்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் என் சித்தப்பா. டைவர்ஸ் என்ற பேரே வேண்டாம், பிரிந்து வாழ மட்டும் கோர்ட்டில் உத்தரவு வாங்கிக்கொள் என்கிறார் கூட வேலை பார்க்கும் டீச்சர். மியூச்சுவல் (இரண்டு பேரும் சம்மதித்துக் கேட்கும் விவாகரத்து) போடலாம், ஆறு மாதக் காத்திருப்பையும் தள்ளுபடி கேட்கலாம் என்கிறார் வக்கீல். நாங்களே உட்கார்ந்து எல்லாவற்றையும் அமைதியாகப் பேசி எழுதியும் வைத்துவிட்டோம். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் அவருக்கு. ஸ்கூட்டி, பீரோ எனக்கு. நகை எல்லாம் திரும்பி வந்துவிட்டது. பாப்பா விஷயம் (7 வயது) பேச ஆரம்பித்தால் சண்டை வரும் என்பதால் அதை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். எந்த வழியில் போனால் பிரச்சினை இல்லாமல் சீக்கிரம் முடியும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: மூன்று வழி கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் எழுதி வைத்திருக்கும் அந்தத் தாளை எடுத்து மறுபடி படியுங்கள். ஃபிரிட்ஜுக்கு ஒரு வரி இருக்கிறது. பீரோவுக்கு ஒரு வரி இருக்கிறது. பெற்ற பெண்ணுக்கு ஒரு வரி இல்லை. இதைத்தான் "எல்லாவற்றையும்" பேசி முடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அமைதியாகப் பேசினோம் என்று பெருமைப்பட இதில் என்ன இருக்கிறது? வாஷிங் மெஷினுக்காக யார் சண்டை போடப் போகிறார்கள்? சண்டை வரக்கூடிய ஒரே விஷயத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைப் பேசி முடித்திருக்கிறீர்கள். இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. படித்தவர்கள், சம்பாதிக்கிறவர்கள், கை நீட்டாதவர்கள், ஒருவரை ஒருவர் ஊரில் அசிங்கப்படுத்த விரும்பாதவர்கள்தான் இப்படி எழுதுகிறார்கள். நல்ல மனசுதான். அந்த நல்ல மனசுக்கான செலவு மட்டும் குழந்தையின் கணக்கில் போய் விழுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். சண்டை வரும் என்று எழுதினீர்கள். எதற்கு வரும் என்று எழுதவில்லை. பெண் எனக்குத்தான் வேண்டும் என்று அவர் கேட்பார் என்ற பயமா? அல்லது மாதாமாதம் பணம் தர வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அவர் முகம் மாறிவிடும் என்ற பயமா? இரண்டும் வேறு வேறு. முதலாவது என்றால் அவர் தகப்பனாக இருக்கிறார், பேசினால் ஒரு வழி பிறக்கும். இரண்டாவது என்றால், ஒரு மனிதர் தன் கடமையிலிருந்து நழுவ நீங்களே கதவைத் திறந்து விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எது என்று உங்களுக்குத் தெரியும்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

சித்தப்பா சொல்லும் ஸ்டாம்ப் பேப்பர் விவாகரத்தே ஆகாது. நூறு ரூபாய்ப் பத்திரமானாலும் ஆயிரம் ரூபாய்ப் பத்திரமானாலும், நோட்டரி முத்திரை இருந்தாலும், பத்துப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டாலும், நீங்கள் சட்டப்படி அவர் மனைவிதான். சில சமூகங்களில் வழக்கப்படி அத்துவிடும் முறை உண்டு. 1955-ன் இந்துத் திருமணச் சட்டம் 29-வது பிரிவில் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டியது அதைச் சொல்கிறவர். அது எளிதில்லை. அந்தப் பத்திரத்தை நம்பி உங்களில் யாராவது மறுமணம் செய்தால் அந்தக் கல்யாணம் செல்லாது. அதோடு இருதார மணக் குற்றமும் சேரும். ஏழு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவது நல்லது. அவர்கள் சமாதானம் பேசட்டும். தீர்ப்பு எழுத வேண்டாம்.

டீச்சர் சொல்வது அதே சட்டத்தின் 10-வது பிரிவில் உள்ளது, கோர்ட் உத்தரவோடு பிரிந்து வாழ்வது. நீதிமுறைப் பிரிவு என்பார்கள். கல்யாணம் கல்யாணமாகவே இருக்கும், சேர்ந்து வாழும் கடமை மட்டும் இருக்காது. இது மென்மையான வழி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விவாகரத்துக்குச் சொல்ல வேண்டிய அதே காரணங்களை, கொடுமை, கைவிட்டது என்று, இதற்கும் மனுவில் எழுதி நிரூபிக்க வேண்டும். குடி, அடி எதுவும் இல்லாத மனிதரைப் பற்றி நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள்? இல்லாததை எழுதினால் இருக்கிற மரியாதையும் போய்விடும். உத்தரவு வந்த பிறகும் இரண்டு பேரும் மறுமணம் செய்ய முடியாது. ஒரு வருஷம் சேராமல் இருந்தால் அதைக் காட்டி யாராவது ஒருவர் விவாகரத்துக் கேட்கலாம். ஒரே பாதையில் இரண்டு முறை நடப்பது எதற்கு?

ஒருவர் மட்டும் மனுப் போட்டு மற்றவர் மீது குற்றம் சாட்டும் 13-வது பிரிவும் உங்களுக்கு வேண்டாம். அதில் வாய்தா வாய்தாவாக வருஷங்கள் போகும். 2023-ல் உச்ச நீதிமன்றம், மீட்க முடியாமல் முறிந்துபோன திருமணத்தைத் தானே கலைக்கலாம் என்று சொன்னதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது அரசியல் சாசனத்தின் 142-வது பிரிவின்படி உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உள்ள அதிகாரம். ஈரோட்டுக் கோர்ட்டில் அதைக் கேட்க முடியாது.

ஆக, உங்கள் வக்கீல் சொன்னதுதான் சரி. 13-பி, பரஸ்பர சம்மதம். ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு 20 மாதம் ஆகிவிட்டது. (வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக: பிரிந்து வாழ்வது என்றால் வேறு வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரே கூரைக்குக் கீழே கணவன் மனைவியாக இல்லாமல் இருந்தாலும் அது பிரிந்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது.) இரண்டு பேரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். யார் மீதும் குற்றம் எழுத வேண்டியதில்லை. ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இரண்டாவது முறை இருவரும் வந்து "ஆமாம், எங்களுக்குச் சம்மதம்" என்று சொல்ல வேண்டும். தீர்ப்பு வரும் வரை அந்தச் சம்மதம் இருவரிடமும் இருக்க வேண்டும். நடுவில் ஒருவர் மனம் மாறினால் மனு அதோடு முடிந்தது.

அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. எப்போது என்றும் சொன்னது. மனுப் போடும் முன்பே மொத்தம் ஒன்றரை வருஷம் பிரிந்திருக்க வேண்டும். சேர்த்துவைக்கும் முயற்சிகள் எடுத்துப் பலிக்காமல் போயிருக்க வேண்டும். காத்திருப்பது அவர்களின் வேதனையை நீட்டிக்க மட்டுமே உதவும் என்று நீதிமன்றத்துக்குத் தோன்ற வேண்டும். இவற்றோடு இன்னொன்று: ஜீவனாம்சம், குழந்தை யார் பொறுப்பில் இருப்பது போன்ற எல்லாவற்றையும் இருவரும் உண்மையாகவே பேசித் தீர்த்திருக்க வேண்டும். உங்கள் வக்கீல் இதைச் சொன்னாரா? சொல்லியிருந்தால் அந்தத் தாளில் பாப்பாவின் பெயர் இருந்திருக்கும். சீக்கிரம் முடிய வேண்டும் என்று நீங்கள் எதைத் தள்ளி வைத்தீர்களோ, அதை முடிக்காமல் சீக்கிரம் என்பதே கிடையாது.

தீர்க்காமலே மனுப் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆறு மாதத்தில் தீபாவளி வரும், பள்ளி லீவு வரும். பெண்ணைத் திருப்பூருக்கு அனுப்பு என்று அவர் கேட்பார், நீங்கள் தயங்குவீர்கள். அல்லது ஃபீஸ் கட்டுங்கள் என்று நீங்கள் கேட்பீர்கள், அவர் பதில் சொல்லாமல் இருப்பார். கோபத்தில் ஒருவர் இரண்டாவது கையெழுத்துக்கு வராமல் போவார். அப்போது நடக்கும் சண்டை இப்போது நீங்கள் பயப்படும் சண்டையைவிடப் பெரியது. அதில் பாப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள்.

தீர்ப்பே வந்துவிட்டாலும் கதை முடியாது. 1956-ன் இந்து இளவர் (மைனர்) காப்பாளர் சட்டம் காப்பாளர் என்று முதலில் தகப்பனைத்தான் சொல்கிறது. நீதிமன்றம் கடைசியில் பார்ப்பது குழந்தையின் நலனை மட்டும்தான் என்றாலும், "அவள் என்னோடுதானே இருக்கிறாள்" என்பது ஒரு ஏற்பாடு ஆகிவிடாது. நாளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனால் தகப்பன் கையெழுத்து எங்கே என்று கேட்பார்கள், இல்லாவிட்டால் தனி உறுதிமொழி கேட்பார்கள். அவருக்கு மறுமணம் நடக்கும், உங்களுக்கும் நடக்கலாம், நடக்கட்டும். அப்போது இந்தப் பெண் எந்த வீட்டுப் பிள்ளை என்பதை யார் சொல்வது? அவளேயா?

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன், பிடிக்காவிட்டாலும் கேளுங்கள். கல்யாணம் ஒத்துவராவிட்டால் பிரிவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெற்றவர்கள் என்பதிலிருந்து யாரும் பிரிய முடியாது. தகப்பனுக்குத் தன் பெண்ணைப் பார்க்கும் உரிமை இருக்கிறது என்று கோர்ட் சொல்கிறது. பார்க்க வேண்டிய கடமை இருக்கிறது என்பது என் கட்சி. அவர் வாராவாரம் வர வேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டியது நீங்கள். அவள் அப்பத்தாவைப் பார்க்க வேண்டும். அத்தை, சித்தப்பா பிள்ளைகளோடு விளையாட வேண்டும். அந்த வீட்டோடு உங்களுக்கு உறவு முடியலாம், அவளுக்கு முடியாது.

பணத்திலும் அப்படித்தான். "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் சம்பாதிக்கிறீர்கள், சொல்லுங்கள். "பாப்பாவுக்கும் வேண்டாம்" என்று எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. அது அவளுடையது. தாய் விட்டுக்கொடுத்தாள் என்பதால் குழந்தையின் ஜீவனாம்ச உரிமை போய்விடாது. 1956-ன் இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டப்படி, வயதுக்கு வந்த பிறகும், கல்யாணமாகாமல் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் பெண்ணைப் பராமரிக்க வேண்டிய பொறுப்பு தகப்பனுக்கு உண்டு. ரோஷத்துக்காக அவள் படிப்புப் பணத்தைத் தானம் செய்யாதீர்கள்.

அந்தத் தாளில் என்ன எழுதுவது? அவள் யாரோடு இருப்பாள். அவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வந்து அழைத்துப் போவார், எப்போது கொண்டுவந்து விடுவார். கோடை லீவில் எத்தனை நாள் அங்கே. பொங்கல் எங்கே, தீபாவளி எங்கே. வருஷம் மாற்றி மாற்றி என்றால் இந்த வருஷம் யார் வீடு. ஸ்கூல் ஃபீஸ், வேன், டியூஷன், ஆஸ்பத்திரி யார் எவ்வளவு. மாதத்தொகை எத்தனை தேதிக்குள், எந்த அக்கவுண்டில், வருஷத்துக்கு எவ்வளவு கூடும். பள்ளி மாற்றுவதானால், ஊர் மாற்றுவதானால் மற்றவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதும். "பேசிக்கொள்வோம்", "சௌகரியப்படி" என்ற வார்த்தைகள் எந்த வரியிலும் வேண்டாம். பின்னால் நிலைமை மாறினால் குழந்தை சம்பந்தமான உத்தரவை மாற்றித் தரும்படி அதே நீதிமன்றத்தில் கேட்கலாம், இந்துத் திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. அதனால் இப்போது எழுதினால் கட்டிப்போட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம்.

இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்தால் குரல் உயரும் என்றால் நடுவில் ஒருவரை வையுங்கள். குடும்ப நல நீதிமன்றத்தில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், சமரச மையங்கள் இருக்கின்றன. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகவே சட்ட உதவி தருவார்கள். சித்தப்பா பஞ்சாயத்துப் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் இந்த விஷயத்தைப் பேசட்டும், ஃபிரிட்ஜைப் பற்றி வேண்டாம்.

மற்ற மதத்து வாசகர்களுக்கு இரண்டே வரி. கிறிஸ்தவர்களுக்கு 2001 திருத்தத்துக்குப் பிறகு பரஸ்பர சம்மதம் உண்டு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கும் உண்டு. முஸ்லிம் பெண்கள் குலா (மனைவி கேட்டுப் பெறும் விவாகரத்து) கேட்பதானால் குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், தனியார் அமைப்புகள் கொடுக்கும் சான்றிதழ் போதாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது.

உங்களுக்கு: இந்த ஞாயிற்றுக்கிழமை அவரை வரச் சொல்லுங்கள். பாப்பாவை உங்கள் அம்மாவோடு எங்காவது அனுப்பிவிட்டுப் பேசுங்கள். சண்டை வந்தால் வரட்டும், போடுங்கள். அவளுக்காகப் போடாமல் வேறு யாருக்காகப் போடுவது? முதல் நாளில் முடியாவிட்டால் அடுத்த ஞாயிறும் உட்காருங்கள். பாப்பாவைப் பற்றிய வரிகளை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு வக்கீலிடம் போங்கள். அதுவரை அவர் நீட்டும் மனுவில் கையெழுத்துப் போடாதீர்கள்.