எல்லாப் புத்தகத்துக்கும் கருத்துச் சொல்லும் சாதாரண வாசகரை நம்பலாமா?

கேள்வி: அறிவியல், வரலாறு, சமையல், காமிக்ஸ் என்று எல்லாவற்றுக்கும் சிலர் கருத்து எழுதுகிறார்கள். இவர்களை நம்பிப் புத்தகம் வாங்கலாமா? அந்தந்தத் துறை தெரிந்தவர்கள் சொல்வதை மட்டும் கேட்டால் போதாதா?

யாரோ "அருமை" என்று எழுதியதை நம்பி 400, 500 ரூபாய் போட்டு ஒரு புத்தகம் வாங்கியிருப்பீர்கள். பத்துப் பக்கம் தாண்டியிருக்காது. அந்த எரிச்சலில் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியைக் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் ஒருவர் பதினெட்டுப் பேர் நடுவில் என்னிடம் கேட்டிருக்கிறார். அன்று வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஒரு பள்ளியில் இயற்பியல் ஆய்வக உதவியாளர். ஆசிரியை இல்லை. படித்தது பிளஸ் டூ வரைதான். அப்பா வயர்மேன். வீட்டில் அண்ணனும் நானும் படித்தது பெரும்பாலும் காமிக்ஸ். பெட்டிக்கடையில் ஒரு நாளைக்கு 25 பைசா வாடகை. முன் அட்டையும் கடைசிப் பக்கமும் கிழிந்துபோனதைத்தான் கொடுப்பார்கள். முடிவு தெரியாமல் திருப்பிக் கொடுத்த கதைகள் எத்தனையோ.

எங்கள் இருவருக்கும் உயிர் இரும்புக்கை மாயாவி. 1962-இல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தொடங்கிய தொடர். ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் வரைந்தது. 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழில் தன் முதல் இதழாகக் கொண்டுவந்தது இந்தக் கதையைத்தான். விபத்தில் வலது கை போய் இரும்புக்கை பொருத்திக்கொண்ட ஒருவன் மேல் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கருப்பு வெள்ளையில் அந்தக் கை தனியாக மிதந்து வரும் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. எனக்குப் பத்துப் பதினோரு வயது. கரண்டு தொட்டால் நானும் மறைந்துபோவேனா என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா கையிலிருந்த கட்டிங் பிளேயரைக் கீழே வைத்துவிட்டு, "ஏட்டி, கரண்டைத் தொட்டா மறைஞ்சு போகமாட்டே, செத்துத்தான் போவே. அந்தப் பொஸ்தகத்த இனிமே தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்றார். அவர் கம்பத்தில் ஏறுகிறவர். கூட வேலை பார்த்த ஒருவர் கருகிக் கிடந்ததைப் பார்த்தவர். அந்தக் கோபம் ஏன் வந்தது என்று இப்போது புரிகிறது.

அண்ணன் கல்லூரிக்குப் போன பிறகு, அங்கிருந்த நூலகத்திலிருந்து ஒரு ரஷ்யப் புத்தகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து வந்தான். யாகோவ் பெரல்மான் எழுதிய பொழுதுபோக்கு பௌதிகம். எனக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவனே தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்துக் காட்டுவான். அதில் மறைந்து திரியும் மனிதனைப் பற்றிய ஒரு பகுதி வருகிறது. ஒருவன் கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டுமானால் அவன் உடம்பின் ஒளிவிலகல் எண், அதாவது ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் எண், காற்றினுடையதைப் போலவே இருக்க வேண்டும். அப்படியானால் அவன் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் ஒளியை வளைக்காது. வளையாவிட்டால் விழித்திரையில் பிம்பம் விழாது. விழித்திரை ஒளியை உறிஞ்சினால்தான் பார்வை. உறிஞ்சினால் அது மற்றவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே மறைந்தவன் குருடன். அண்ணன் இதைச் சொல்லி முடித்ததும் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அப்ப நம்ம மாயாவிக்குக் கண்ணு தெரியாதாண்ணே?" என்று நான் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ராத்திரிதான் நான் ஆய்வக வேலைக்கு வந்ததற்குக் காரணம் என்று சொன்னால் கூடுதலாகச் சொன்னதாகிவிடும். வேலை கிடைத்தது, வந்தேன். ஆனால் வேலைக்கு வந்த இடத்தில் கண்ணாடிப் பாளத்தையும் குண்டூசியையும் முப்பட்டகத்தையும் கையில் எடுத்தபோது எனக்கு அவை புதிதாக இல்லை.

காமிக்ஸ் படித்தால் இயற்பியல் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நூறு பேர் மாயாவி படித்தால் தொண்ணூற்றொன்பது பேர் கதையை ரசித்துவிட்டுப் போவார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. கதை அதற்காகத்தான்.

இனி அந்தச் சம்பவம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு வாசகர் வட்டம் கூடும். படித்த ஒரு புத்தகத்தைப் பற்றி ஆளுக்குப் பத்து நிமிடம் பேசலாம். ஒரு மாதம் நான் மாயாவியைப் பற்றிப் பேசினேன். பேச்சோடு நிறுத்தாமல் ஒரு பீக்கரும், மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய கிளிசரினும் கொண்டுபோயிருந்தேன். ஆய்வகத்தில் சூடுபடுத்தப் பயன்படும் போரோசிலிகேட் கண்ணாடிக் குழாயை, உள்ளேயும் கிளிசரின் நிரப்பி, பீக்கரில் இறக்கினால் முங்கிய பகுதி காணாமல் போகும். இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.47. சாதாரணக் கண்ணாடிக் கோலைப் போட்டால் ஓரம் லேசாகத் தெரியும், அதன் எண் 1.5-ஐத் தாண்டிவிடும். வீட்டில் முதலில் அதைப் போட்டுப் பார்த்து ஏமாந்துதான் இதைத் தெரிந்துகொண்டேன். வந்திருந்த பிள்ளைகள் குழாயை மேலே தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். பெரியவர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள். கதையைப் பற்றியும் பேசினேன். பிளாஸ்கோவின் சாம்பல் நிற நிழல்களைப் பற்றி, ஆங்கிலத்துக்காக வரைந்த பேச்சு பலூனுக்குள் தமிழ்ச் சொற்களைத் திணிக்கும்போது எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடுவதைப் பற்றி. நல்ல நாள் அது.

அடுத்த மாதம் ஒளியைப் பற்றிய ஒரு சிறுவர் அறிவியல் நூலை எடுத்துக்கொண்டேன். தமிழில் நேரடியாக எழுதியது. நடை நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு படம் தவறு. கிண்ணத்தில் காசு, மேலே தண்ணீர், காசு மேலெழுந்த மாதிரி தெரியும் சோதனை. நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒளிக்கதிர், நீர்ப்பரப்புக்குச் செங்குத்தாகப் போடும் கோட்டை விட்டு விலகிப் போக வேண்டும். படத்தில் அந்தக் கோட்டை நோக்கி வளைந்திருந்தது. அப்படியானால் காசு இன்னும் ஆழத்தில் அல்லவா தெரியும்? எழுத்தில் சரியாக இருக்கிறது, படத்தில் தலைகீழ். ஒளி போகும் வழியைக் குறிக்க, நான் வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குக் குண்டூசி நட்டுக் கொடுக்கிறவள். கண் தானாக அங்கேதான் போய் நின்றது. புத்தகத்தைத் திட்டவில்லை. நல்ல புத்தகம், இந்த ஒரு படத்தைத் திருத்தினால் இன்னும் நல்லது என்றுதான் சொன்னேன்.

அப்போது ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர் எழுந்தார். இயற்பியல்காரர் இல்லை. "ஏம்மா, போன மாசம் காமிக்ஸ் பத்திப் பேசுனது நீங்கதானம்மா? அதெல்லாம் பேசுங்க, வேண்டாங்கல. அறிவியல் புத்தகத்துல தப்பு இருக்கா இல்லையான்னு அந்தத் துறைக்காரங்க சொல்லட்டும்." புத்தகத்தைக் கையில் வாங்கிப் படத்தைப் பார்க்கக்கூட இல்லை அவர். பத்து விநாடி போதும் அதற்கு. நூலகர் எனக்காக ஏதோ சொல்ல வந்தார், அதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. அந்த வட்டத்துக்குப் புத்தகங்கள் வாங்கித் தந்தவர். அதனாலேயே இன்னும் வலித்தது. வீட்டுக்கு வந்து ஓரம் கிழித்த ஒரு தாளில் படத்தைச் சரியாக வரைந்து, "நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது கதிர் இப்படித்தான் வளையும், புத்தகப் படத்தில் மாறியிருக்கிறது" என்று எழுதி, அந்தப் பக்கத்தில் செருகி, புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். நூலகப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது என்பதற்காகத்தான் தனித்தாள். பதிப்பகத்துக்கும் ஒரு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை.

துறை தெரிந்தவர் என்கிறீர்களே, அந்தப் பெரல்மான் படித்துப் பட்டயம் வாங்கியது வனவியலில். 1909-இல் பீட்டர்ஸ்பர்க்கில் வனவியல் படிப்பை முடித்தவர், 1913-இல் எழுதிய புத்தகம்தான் உலகம் முழுக்கப் பிள்ளைகளை இயற்பியல் பக்கம் இழுத்தது. 1942-இல், இரண்டாம் உலகப் போரின்போது நடந்த லெனின்கிராட் முற்றுகையில் பட்டினியால் செத்துப்போனார். எங்கள் பக்கத்துப் பெருங்குளத்துக்காரரான பெ.நா. அப்புசாமி தொழிலால் வக்கீல். 1891-இல் பிறந்தவர், பல பத்தாண்டுகள் விடாமல் தமிழில் அறிவியல் எழுதினார். இவர்கள் இருவரையும் "உங்கள் துறை இது இல்லை" என்று யாராவது உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நிபுணர்கள் வேண்டாம் என்று வாதாடுவதாக யாரும் சொல்லிவிட வேண்டாம். மருத்துவப் புத்தகத்தில் போட்டிருக்கும் மருந்தின் அளவு சரியா என்று என்னிடம் கேட்டால் டாக்டரிடம் போகச் சொல்வேன். ஒரு கல்வெட்டைச் சரியாகப் படித்திருக்கிறார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு புத்தகம் எந்தப் பக்கத்தில் புரியாமல் போகிறது என்பதை நிபுணரால் சொல்ல முடியாது. அவருக்கு எல்லாம் முன்பே புரிந்திருக்கிறது. முதல்முறை படிக்கிறவர்தான் அங்கே இடறி விழுவார். எங்கே விழுந்தார் என்று அவர் சொன்னால் நீங்கள் பார்த்து நடக்கலாம். சமையல் புத்தகத்துக்கும் இதுதான். அதை ஒருமுறையாவது அடுப்பில் வைத்துப் பார்த்து, "இவர் சொன்ன தண்ணீர் அளவுக்குச் சோறு குழைந்துவிட்டது" என்று எழுதுகிறவரின் ஒரு வரி எனக்குப் போதும்.

நான் ஆளைப் பார்ப்பதில்லை, அவர் எழுதியிருப்பதைப் பார்ப்பேன். எந்த இடம் பிடித்தது, எங்கே சலித்தது, எழுத்து கண்ணுக்கு எட்டுகிறதா, கட்டு பிரிந்து வருகிறதா, இப்படி ஏதாவது ஒன்று குறிப்பாக இருக்கிறதா என்று பார்ப்பேன். "அனைவரும் படிக்க வேண்டிய நூல்" என்று மட்டும் இருந்தால், எழுதியவர் பேராசிரியராகவே இருந்தாலும், தாண்டிப் போய்விடுவேன். காமிக்ஸ் ரசிகர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஒரு கட்டம் இடம் மாறி அச்சானால்கூடப் பக்க எண்ணோடு எழுதுவார்கள். சிறு வயதிலிருந்து ஒவ்வொரு படத்தையும் உற்றுப் பார்த்துப் பழகிய கண் அது. என் கண்ணும் அப்படித்தான். கிண்ணத்துக் காசின் படத்தில் அது நின்றதற்கு மாயாவியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆய்வகம் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் ஆய்வகத்தைச் செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்னால்தான் முழுசாகத் திறக்கிறார்கள். மற்ற நாளெல்லாம் நான் விடைத்தாள் கட்டுச் சுமக்கவும், ஜெராக்ஸ் எடுக்கவும், விருந்தாளி வந்தால் டீ வாங்கவும் போகிறேன். முப்பட்டகம் பெட்டிக்குள் தூசி படிந்து கிடக்கிறது. பிள்ளைகள் ஒளிவிலகலை மனப்பாடம் செய்து எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள். கிளிசரின் வாங்க வருடத்துக்கு 200 ரூபாய் கேட்டேன், பாடத்திட்டத்தில் இல்லை என்றார்கள். இன்றுவரை என் காசில்தான் வாங்குகிறேன். படத்தில் கதிர் எந்தப் பக்கம் வளைந்தாலும் கேள்வி கேட்காத பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை அந்தப் பூட்டுக்கு முன்னால் நிற்கிறவளுக்குத்தான் தெரியும். போகட்டும்.

ஏழெட்டு மாதம் கழித்து அதே புத்தகத்தை நூலகத்தில் மறுபடி எடுத்தேன், ஒரு பையனுக்குக் காட்டுவதற்காக. என் தாள் அங்கேயே இருந்தது. அதன் அடியில் பென்சிலால், சின்னப் பிள்ளைக் கையெழுத்தில் இரண்டு வரி: "நன்றி. எனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன்." பெயர் இல்லை. பேரேட்டைப் புரட்டிப் பார்த்தால் யார் என்று கண்டுபிடித்திருக்கலாம். நான் பார்க்கவில்லை. அந்தப் பெரியவரிடமும் கொண்டுபோய்க் காட்டவில்லை. தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நீங்கள் வாங்கி ஏமாந்த புத்தகம் எது, எந்தப் பக்கத்தோடு நின்றீர்கள் என்று எழுதுங்கள். பள்ளி அளவு இயற்பியல் என்றால் அந்தப் பக்கத்தை நானும் படித்துப் பார்த்து, நின்றது புத்தகத்தாலா என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். மாயாவியின் பழைய இதழ் எதையாவது கடைசிப் பக்கத்தோடு வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் இரண்டு கதைகளின் முடிவு தெரியாது.