ஈரலில் நீர்க்கட்டி: ஊசியால் நீரை எடுத்தால் போதுமா?

கேள்வி: என் மகனுக்கு 14 மாதம். வயிறு பெருத்துக்கொண்டே வந்தது. நன்றாகச் சாப்பிடுகிறான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஸ்கேனில், ஈரலின் வலப்பக்கத்தில் பல அறைகள் கொண்ட பெரிய நீர்க்கட்டி இருப்பது தெரிந்தது. சத்திரசிகிச்சை வேண்டும் என்கிறார் வைத்தியர். ஊசியால் நீரை எடுத்தால் போதும், பிள்ளையை வெட்ட விடாதே என்கிறார் மாமி. இது புற்றுநோயா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: மகள், இந்த வயதில் இப்படித் தெரியும் கட்டி பெரும்பாலும் 'மெசன்கைமல் ஹமார்டோமா'வாக இருக்கும். அபூர்வமானது, புற்றுநோய் அல்ல. அநேகமாக 2 வயதுக்குள் வெளிப்படும். நீர் சேரச் சேர வேகமாகப் பெருக்கும், அதனால்தான் பெற்றோர் பதறிப்போகிறார்கள்.

ஆனாலும் ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். சிறு பிள்ளைகளின் ஈரலில் வரும் புற்றுநோயான ஹெப்பட்டோபிளாஸ்டோமாவில் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் இரத்த அளவு பொதுவாக மிக உயர்ந்திருக்கும். மெசன்கைமல் ஹமார்டோமாவில் அது சாதாரணமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம். பிறந்த குழந்தைக்கு இயல்பாகவே கூடியிருந்து, முதல் வருடத்தில் மெல்ல இறங்கும் அளவு அது. ஆகவே வயதுக்கு ஏற்ற அளவோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். அறிக்கையில் 'கூடுதல்' என்று கண்டவுடனேயே அழுதுவிடாதீர்கள்.

மாமியின் கவலை பாசத்தில் வந்தது. ஆனால் அவர் சொல்லும் வழி சரியல்ல. இப்படியான கட்டிகளை நான் வெட்டிப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு பை அல்ல, சிறிதும் பெரிதுமாகப் பல பைகள். சிலவற்றில் தெளிந்த மஞ்சள் நீர், சிலவற்றில் கூழ். ஒன்றில் ஊசி போட்டால் மற்றவை அப்படியே கிடக்கும். வடித்ததும் மறுபடி ஊறும். மிச்சம் வைத்த கட்டி திரும்ப வளரலாம். மிக அரிதாக, பின்னாளில் அது சார்கோமா என்ற புற்றுநோயாக மாறியதும் உண்டு. அதனால்தான் முழுவதையும் அகற்றச் சொல்கிறோம். கட்டியோடு ஈரலின் ஒரு பகுதி போனாலும் மீதி வளர்ந்து ஈடுகட்டிவிடும். அந்த ஆற்றல் பிள்ளைகளின் ஈரலுக்கு நிறையவே உண்டு.

பொறளை லேடி றிஜ்வே வைத்தியசாலை போல, சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கும் இடத்திலேயே செய்யுங்கள். அதுவரை வயிற்றில் எண்ணெய் தேய்த்து அழுத்த வேண்டாம். வாந்தி, மூச்சுத் திணறல், காய்ச்சல் எது வந்தாலும் கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். எடுத்த கட்டியின் திசுப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் ஸ்கேனுக்கு அழைப்பார்கள், ஒன்றையும் தவறவிடாதீர்கள்.