பயொப்சியில் 'டக்டல் கார்சினோமா இன் சிட்டு' என்று வந்தால் ஒப்பரேஷன் தேவையில்லையா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். கல்முனையில் இருக்கும் உங்கள் மாமிக்கு மெமோகிராமில் ஏதோ தெரிந்து, பயொப்சி செய்து, ரிப்போர்ட்டில் டக்டல் கார்சினோமா இன் சிட்டு, சுருக்கமாக டிசிஐஎஸ் (மார்பின் பால் குழாய்க்குள் மட்டும் நிற்கும் மாறிப்போன கலங்கள்), என்று வந்திருக்கிறது. அது புற்றுநோயே இல்லை, வெட்டத் தேவையில்லை என்று அமெரிக்காவில் கண்டுபிடித்துவிட்டார்கள் என யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்ப, மாமி கிளினிக் போகாமல் நாளைக் கடத்துகிறார்.

கடத்த விடாதீர்கள். அந்த ஆராய்ச்சி பொய்யில்லை, ஆனால் அது சொன்னதும் வாட்ஸ்அப் சொன்னதும் ஒன்றில்லை.

நான் வைத்தியர் இல்லை. களுவாஞ்சிக்குடிக்காரி, ஆய்வுகூடத்தில் இழையத் துண்டுகளுக்குச் சாயம் போடுகிற வேலை. பயொப்சித் துண்டு போர்மலின் போத்தலில் வரும். அதை மெழுகில் புதைத்து, 4 மைக்ரோன் தடிப்பில் சீவி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுத்துச் சாயம் போட்டால், கலங்களின் கரு ஊதாவாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். பால் குழாய்கள் வட்டம் வட்டமாக இருக்கும், நடுவில் வெறுமை, சுற்றிவர இரண்டு அடுக்குக் கலங்கள். டிசிஐஎஸ் என்றால் அந்த நடுப்பகுதி அடைபட்டுப்போய்க் கிடக்கும், சிலவற்றில் மையத்தில் செத்த கலங்கள் குவிந்திருக்கும், ஆனால் வெளிச்சுவர் உடைந்திருக்காது. சுவரைத் தாண்டிக் கலங்கள் வெளியே இறங்கிவிட்டால் அதுதான் இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, அதாவது பரவும் வகை, மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 70க்கு மேல் அந்த வகை. செத்த கலங்களில் கல்சியம் படிவதால்தான் மெமோகிராமில் உப்புத்தூள் சிந்தினமாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. மாமிக்கு மார்பைத் தடவிப் பார்த்தாலும் கட்டி எதுவும் தட்டுப்பட்டிருக்காது, அதனால்தான் அவருக்கு நம்பிக்கை வரவில்லை போல.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். எந்த டிசிஐஎஸ் சுவரை உடைக்கும், எது ஆயுசுக்கும் அப்படியே கிடக்கும் என்று இன்றைக்கும் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, முழு ஆராய்ச்சியும் இந்த இடத்தைத்தான் சுற்றுகிறது. டிசிஐஎஸ் வந்த பெண்களுக்குப் பின்னாளில் அதே மார்பில் பரவும் வகை வந்தபோது இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டு 2022இல் ஓர் ஆய்வு வந்தது. ஏறத்தாழ 75 வீதம் பழையதன் தொடர்ச்சி, 18 வீதம் அதோடு சம்பந்தமே இல்லாத புதிய நோய். ஆக, முதல் துண்டை எவ்வளவு துருவிப் பார்த்தாலும் பதில் முழுக்க அதற்குள் இல்லை.

மாமிக்கு வந்த செய்தி அநேகமாக கொமெட் என்ற அமெரிக்க ஆய்வைப் பற்றியது. 2024 டிசம்பரில் வெளிவந்தது, 957 பெண்கள். ஒரு பிரிவுக்கு வழமையான சிகிச்சை, அதாவது ஒப்பரேஷன், தேவையானால் கதிர் சிகிச்சையும், மற்றப் பிரிவுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெமோகிராம் எடுத்துக் கண்காணிப்பு. இரண்டு வருடத்தில் பரவும் புற்றுநோய் வந்தது முதல் பிரிவில் 5.9 வீதம், கண்காணிப்புப் பிரிவில் 4.2 வீதம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் எல்லோரும் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள், கிரேட் (கலங்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன என்ற அளவு) 1 அல்லது 2, ஓமோன் ஏற்பி உள்ள வகை, அதாவது ஓமோனால் தூண்டப்படக்கூடியது, கண்காணிப்பில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் ஓமோனின் வேலையைத் தடுக்கும் மாத்திரையும் எடுத்தார்கள். இரண்டு வருடம் என்பது இந்த நோய்க்குச் சின்னக் காலம். வீட்டில் சும்மா இருந்தவர்கள் யாரும் அதில் இல்லை!

இன்னொன்று, ஊசியில் வருவது ஒரு துளி இழையம். ஊசிப் பயொப்சியில் டிசிஐஎஸ் என்று வந்து, சத்திரசிகிச்சையில் முழுதாக எடுத்துப் பார்த்தபோது பரவும் வகையும் கூடவே இருந்தது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கொன்று இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய காரணம். ஆனாலும் மாமியைப் பயமுறுத்த வேண்டாம். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட டிசிஐஎஸ் பெண்களைப் பின்தொடர்ந்த 2015 ஆய்வில், 20 வருடத்தில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் 3.3 வீதம்தான்.

கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுமாமே என்றும் கேட்டிருந்தீர்கள். சுவீடனில் 80,000க்கும் மேற்பட்ட பெண்களின் மெமோகிராமில் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்துப் பார்த்து, படம் வாசிக்கும் வைத்தியர்களின் வேலை 44 வீதம் குறைந்ததாக 2023இல் அறிவித்தார்கள். புள்ளியைக் கண்டுபிடிக்க அது உதவும். சுவர் உடையுமா என்று சொல்லாது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 'தேவையில்லாமல் வெட்டுகிறோமா' என்ற கேள்வி, எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு மெமோகிராம் எடுக்கும் நாடுகளில் பிறந்தது. எங்களிடம் அப்படியொரு தேசியத் திட்டமே கிடையாது. இங்கே 'நோவில்லையேகா, பிறகு பார்ப்பம்', 'கத்தி பட்டாப் பரவும்' என்று சொல்லிச் சொல்லி, கட்டி தோலை இழுத்த பிறகுதான் பலர் வருகிறார்கள். புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோவாது. ஊசி குத்துவதால் நோய் உடம்பெல்லாம் பரவும் என்பதும் வெறும் பயம். மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்ணொருத்திக்கு சுவர் உடையும் முன்பே பிடிபட்டது என்றால் அது பெரிய அதிர்ஷ்டம், அதைக் கொண்டுபோய் வாட்ஸ்அப்பிடம் கொடுக்கிறதா?

மாமியோடு கிளினிக்குக்கு நீங்களும் போங்கள். கிரேட் எத்தனை, ஓமோன் ஏற்பி இருக்கிறதா, எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது, மார்பை முழுதாக எடுக்காமல் அந்தப் பகுதியை மட்டும் எடுக்கலாமா, அப்படியெடுத்தால் கதிர் சிகிச்சை வேண்டுமா என்று சேர்ஜனிடம் கேளுங்கள். பகுதியாக எடுத்துக் கதிர் சிகிச்சையும் கொடுப்பதென்றால், வெட்டிய ஓரத்தில் 2 மில்லிமீற்றராவது சுத்தமான இழையம் இருப்பது நல்லது, அதற்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் அதைப் பாருங்கள். மாமியின் மகள்மாருக்கு 35 ஆகிவிட்டால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் மார்பைப் பரிசோதிப்பார்கள், காசில்லை. தாய்க்கு வந்திருக்கிறது என்பதை அங்கே கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். மெமோகிராம் படத்தையும் பயொப்சி ரிப்போர்ட்டையும் வீட்டில் பத்திரமாக வையுங்கள், அடுத்த வருடப் படத்தை ஒப்பிட அது வேண்டும்.