சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளர்களுக்கு நிர்வாகத்தில் பேச உரிமை உண்டா? பகுதிநேர வேலையில் சேரலாமா?

பகுதிநேரம் என்று நீங்கள் கேட்டதிலேயே தெரிகிறது, கையில் ஒரு நியமனக் கடிதம் இருக்கிறது, கையெழுத்துப் போடவா வேண்டாமா என்று யோசிக்கிறீர்கள். அப்படி வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: பேசலாம். முடிவெடுக்கும் மேசையில் இடம் கிடைக்காது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் (என்யுஎஸ்) நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2006-ல் தன்னாட்சி உள்ள நிறுவனங்களாக்கப்பட்டபோது அன்றாட விஷயங்களில் கல்வி அமைச்சின் பிடி தளர்ந்தது உண்மைதான். ஆனால் அறங்காவலர் குழுவை நியமிப்பவர் கல்வி அமைச்சர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் என்யுஎஸ்ஸும் சேர்ந்து இங்கே நடத்திய யேல்-என்யுஎஸ் கல்லூரியின் கதை நினைவிருக்கும். அதை மூடப்போவதாக 2021 ஆகஸ்ட் 27 அன்று அறிவித்தார்கள். அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு, எல்லாம் முடிவான பிறகுதான் விஷயமே தெரியும். கொதித்தெழுந்து மனு போட்டவர்கள் மாணவர்கள்.

அமெரிக்காவில் 1915 முதல் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஆசிரியர் நியமனம் இவற்றிலெல்லாம் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுக்கே என்று 1966-லேயே வேறு இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து அறிக்கை எழுதி வைத்தவர்கள். யேல் சிங்கப்பூருக்கு வருவதைப் பற்றி 2012-ல் பகிரங்கக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டவர்களும் அவர்கள்தான். உடனே "அமெரிக்காவைப் பார்த்து ஏங்குகிறான் பார்" என்று யாரும் கருத்துப் போட வேண்டாம். அங்கேயும் பாதிக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் வேலை நிரந்தரம் இல்லாதவர்கள்தான், எனக்கும் தெரியும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். வேலை முடித்து வரும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கும் ஒரு தனியார் கல்வி நிலையம், பெயர் வேண்டாம். மணிக்கு இவ்வளவு என்று சம்பளம், விடைத்தாள் திருத்தத் தாளுக்கு இவ்வளவு. பருவம் பாதி ஓடிய பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது: இரண்டு வகுப்புகளை ஒன்றாக்குகிறோம், இனித் திருத்தும் வேலை மணிச்சம்பளத்திலேயே அடக்கம். மாணவர்கள் இரட்டிப்பு, திருத்துவது இலவசம்! அதற்குக் கீழே, "உங்கள் தொடர்ந்த அர்ப்பணிப்புக்கு நன்றி."

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரவெல்லாம் புலம்பல். காலையில் பார்த்தால் பாதிப் பேர் எழுதியதை அழித்திருந்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பலர் வேலை அனுமதியில் இருப்பவர்கள், குடும்பமும் இங்கே இருக்கிறது. கடைசியில் துணிந்த சிலர் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினோம். கோபம் எதையும் எழுதவில்லை. ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் திருத்தும் கட்டணம் இருக்கிறது, ஒரு தாளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, பருவத்தின் நடுவில் மாற்றினால் மாணவர்களுக்கு என்ன நஷ்டம், அவ்வளவுதான். பாடப்பிரிவை நிர்வகித்த தம்பி என் மகன் வயது. என்னைத் தனியாக அழைத்து, "சார், பாயின்ட் எல்லாம் சரிதான். ஆனா எல்லாரும் சேர்ந்து சைன் பண்ணது மேலே பிடிக்கல" என்றார். அதாவது ஆளுக்கொன்றாக எழுதியிருந்தால் வசதியாகக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

அந்தப் பருவத்துக்கு மட்டும் திருத்தும் கட்டணம் திரும்பக் கிடைத்தது. அடுத்த பருவம் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேருக்கு வகுப்பே வரவில்லை. "மாணவர் எண்ணிக்கை குறைவு" என்றார்கள். நிரூபிக்க முடியுமா? முடியாது. வகுப்பு தரவேண்டிய கட்டாயம் எதுவும் எங்கள் ஒப்பந்தத்தில் இல்லை.

இதனால்தான் நியமனக் கடிதத்தைக் கவனமாகப் படியுங்கள் என்கிறேன். உங்களை ஊழியராக எடுக்கிறார்களா, சுயதொழில் செய்பவராகவா? ஊழியர் என்றால், நீங்கள் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், மத்திய சேமநிதி கட்டுவார்கள். 2019 ஏப்ரலிலிருந்து எவ்வளவு சம்பளம் வாங்கும் நிபுணரானாலும் வேலை நியமனச் சட்டம் பொருந்தும். நியாயமில்லாமல் நீக்கினால் கடைசி வேலைநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், பலர் ஆறப்போட்டு இந்தக் கெடுவைத் தவறவிடுகிறார்கள். சுயதொழில் என்றால் இதெல்லாம் கிடையாது. பணம் தராவிட்டால் சமரசப் பேச்சுக்குப் போகலாம், இல்லையென்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்கும் உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்.

பள்ளித் தமிழாசிரியர்களுக்கு 1951-லிருந்தே சங்கம் இருக்கிறது. உயர்கல்வியில் மணிக்கணக்கில் வேலை செய்யும் எங்களுக்கு வாட்ஸ்அப் குழுதான்.

இலவச வேலை என்றதும் இன்னொன்று, மன்னிக்கவும், கேள்விக்குச் சம்பந்தமில்லை. நம் தமிழ் அமைப்புகளும் இதில் சளைத்தவை அல்ல. பேச்சுப்போட்டிக்கு நடுவராக வாருங்கள் சார் என்று சனிக்கிழமை முழுவதும் உட்காரவைத்துவிட்டு ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்புகிறார்கள். என் அலமாரியில் இப்போது சட்டை வைக்க இடமில்லை. ஒலிபெருக்கிக்காரருக்கு மட்டும் அன்றே காசு. தமிழுக்குச் செய்யும் தொண்டுக்குக் கணக்குப் பார்க்கிறான் என்பீர்கள். ஆமாம், பார்க்கிறேன். டாக்சி வாடகையாவது கொடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு: வேறு வருமானம் இருந்தால் சேருங்கள், மாலை வகுப்பு மாணவர்களைப்போல ஆர்வமாகப் படிப்பவர்கள் கிடைப்பது அரிது. இதையே நம்பிப் பிழைப்பதானால் வேண்டாம். எப்படியானாலும் திருத்தும் கட்டணம், ஒரு வகுப்பில் அதிகபட்சம் எத்தனை பேர், வகுப்பை ரத்து செய்தால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, இந்த மூன்றையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். தொலைபேசியில் சொன்னால், "அதையே ஒரு வரி எழுதி அனுப்புங்க" என்று கேளுங்கள்.