பெண்கள் வரிசைக்கு முன்னால்

அன்புள்ள காக்காவுக்கு (அண்ணனுக்கு),

எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் ஒருவர் இருந்ததை உம்மம்மா இப்போதும் சொல்வார். பெண்பிள்ளை என்று காது குத்தி வளர்த்தார்கள். பதினைந்து வயதில் மீசை அரும்பியது. நிக்காஹ் நடக்கவில்லை. உள்முற்றத்தில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்தே காலம் போனதாம். இதைச் சொன்னால் தம்பி, "ஊடுபால், இடைபால் என்று, பிறப்பிலேயே ஆணா பெண்ணா என்று தெளிவாகச் சொல்ல முடியாத உடலோடு இருப்பவர்களைப் பற்றிப் பேசுவதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி" என்கிறான். அப்படியா?

ஒரு வாசகி, கீழக்கரை

அன்புள்ள தங்கைக்கு,

தம்பி மதரஸாவில் ஓதியவர்தானே? ஃபிக்ஹு கிதாபை, அதாவது மார்க்கச் சட்டப் புத்தகத்தை, ஒருமுறை புரட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் பின்பற்றும் சட்ட வழி ஷாஃபி மத்ஹப். அதில் ஊடுபால் உள்ளவருக்கு 'குன்ஸா' என்று பெயர், தனிச் சட்டமே உண்டு. ஜமாஅத் தொழுகை வரிசையில் முதலில் ஆண்கள், அடுத்து சிறுவர்கள், பிறகு குன்ஸா, அப்புறம்தான் பெண்கள். வாரிசுச் சொத்திலும் இடம் இருக்கிறது. ஆணென்றாலும் பெண்ணென்றாலும் நிச்சயமாகக் கிடைக்கும் பங்கை உடனே கொடுத்துவிட வேண்டும், மிச்சத்தை விவரம் தெளியும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். எங்கள் ஹஸ்ரத் இந்தப் பக்கத்தை ரயில் வேகத்தில் ஓதிவிட்டு அடுத்த பாடத்துக்குத் தாவினார். நாங்களும் தலையைக் குனிந்துகொண்டோம்.

இதைக் கருணை என்று நான் சொல்ல மாட்டேன். சிறுநீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து முடிவு கட்டச் சொல்வதும் அதே கிதாபுதான். ஆனால் தெளியாவிட்டால் காத்திரு என்றது.

வெளிநாட்டிலும் இது புதிதில்லை. 1629-இல் வர்ஜினியாவில் தாமஸ் ஹால் என்பவர் ஆணா பெண்ணா என்று ஊரே துணியை விலக்கிப் பார்த்துச் சண்டை போட்டது. கோர்ட் என்ன சொன்னது தெரியுமா? ஆண் உடை போடு, ஆனால் தலையில் பெண்கள் கட்டும் துணியும் இடுப்பில் ஏப்ரனும் இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம். தண்டனைதான், வேறென்ன.

உண்மையில் இறக்குமதி ஆனது வேறொன்று. 1950களில் அமெரிக்காவில் ஜான் மணியும் அவர் கூட்டாளிகளும், குழந்தையாக இருக்கும்போதே ஒரு பாலை முடிவு செய்து அதற்கேற்ப அறுத்துச் சரிசெய்துவிடலாம் என்றார்கள். அது உலகம் முழுக்கப் பரவியது. நம் மாவட்டமும் அடங்கிய, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான் 2019 ஏப்ரலில் அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆகஸ்டில் அரசாணை வந்தது: உயிருக்கு ஆபத்து என்றாலொழியக் கைக்குழந்தைக்கு அந்த ஆபரேஷன் கூடாது. இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டில்தான். தம்பியிடம் இதையும் சொல்லுங்கள்.

உம்மம்மாவிடம் எனக்காக ஒன்று கேட்டு எழுதுவீர்களா? பெருநாள் தொழுகைக்கு அந்த ஓலைப்பெட்டி முடைந்தவர் எங்கே போனார்? பள்ளிவாசலுக்கா, பெண்கள் தொழும் தைக்காவுக்கா, இல்லை அந்த முற்றத்திலேயேவா?