மிச்சப் பணம் யாருடையது?

கேள்வி: ஃபெஞ்சல் புயல் வெள்ள நிவாரணத்துக்கென்று எங்கள் சிறிய அறக்கட்டளை வாட்ஸ்அப் வழியாக 3,40,000 ரூபாய் திரட்டியது. அரிசி, பாய், போர்வை கொடுத்தது போக 1,15,000 மிச்சம். "கட்டட நிதியில் சேர்த்துவிடலாம், அதுவும் நல்ல காரியம்தானே" என்கிறார் செயலாளர். பொருளாளரான எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி.

2005-ல் நாகப்பட்டினத்தில் ஓர் அறக்கட்டளைக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சுனாமிக்கென்று 500 ரூபாய் கொடுத்த ஒருவர், ரசீதின் அடிக்கட்டையில் பென்சிலால் 'வலைக்கு மட்டும்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பணமும் சேர்ந்துதான் அலுவலகத்துக்கு ஜெராக்ஸ் மெஷின் வந்தது. ஆறு மாதம் கழித்து அவரே வந்தார். "எந்தக் குப்பத்துக்குங்க வலை போச்சு? ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்." சண்டை போட வந்தவர் இல்லை. நான் பேரேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன், தலையை நிமிர்த்த முடியவில்லை. இன்றும் அந்தப் பென்சில் எழுத்து கண்ணில் நிற்கிறது.

அதே சுனாமியின்போது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பத்து நாள் ஆவதற்குள், 'எங்கள் சுனாமிப் பணிக்குப் போதுமான பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டாம்' என்று அறிவித்தது. மிஞ்சியதை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டது. பெரும்பாலோர் சம்மதித்தார்கள், திருப்பிக் கேட்டவர்கள் மிகச் சிலர்தான்.

நீங்களும் கேளுங்கள். பணம் கேட்ட அதே வாட்ஸ்அப் குழுவில், வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையில் 1,15,000 என்று பில்களின் படத்தோடு போடுங்கள். அடுத்த மழைக்கு வைத்திருக்கவா, கட்டடத்துக்கு எடுத்துக்கொள்ளவா, திருப்பித் தரவா என்று கேட்டுப் பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். பதில் சொல்லாதவர்களின் பணம் வெள்ளத்துக்கே இருக்கட்டும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வருமான வரிச் சலுகைக்காக 80ஜி ரசீது வாங்கியவர் திருப்பிக் கேட்டால் மட்டும் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

செயலாளர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒழுகும் கூரையின் கீழ் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். கட்டடத்துக்குப் பணம் வேண்டுமென்றால், கூரையைப் படமெடுத்துப் போட்டு, கட்டடத்துக்கென்றே கேட்கச் சொல்லுங்கள். அதற்கும் கொடுப்பார்கள்.